எனக்கு இது போதும்

கல்லணைச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத வெளிச்சம். எனக்குப் பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்த மாணவி வேகம் கூட்டி என் பக்கத்தில் வந்தாள். கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: “மேம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஷார்ட்ஸ் பின்னாடி ரொம்ப நைஞ்சுபோச்சு. வெளிச்சத்துல தெரியுது.”

எனக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். மொட்டைமாடிக் கொடியில் காயப்போடும்போது வெயில் அந்தத் துணிக்குள் புகுந்து மறுபக்கத்துச் சுவரைக் காட்டியது. உள்ளே வைத்துத் தைத்திருக்கும் பேட் அப்பளம்போல் தட்டையாகிவிட்டது. நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் உட்காருமிடம் எரியும். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அந்த மூன்று மாதமும் நான் செலவே செய்யாமல் இருந்துவிடவில்லை. மகனுக்கு ஃபுட்பால் ஷூ வாங்கினேன். கணவரின் பைக்குக்கு இரண்டு டயர் மாற்றினோம். மாமியாருக்குக் கண்ணாடி. கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போக எனக்கே இரண்டு பருத்திப் புடவை. சைக்கிள் கடையைக் கடக்கும்போது மட்டும் உள்ளே ஒரு குரல் சொல்லும்: “இது போதும், இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.” அது யாருடைய குரல் என்று எனக்கு அடையாளம் தெரியும். என் அம்மாவுடையது.

‘போதும்’ என்பது நம் மொழியின் மிகப் பெரிய அறச்சொற்களில் ஒன்று. போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்கிறோம். பேராசைக்கும் கடனுக்கும் பகட்டுக்கும் எதிராக நம்மிடம் இருக்கும் எளிய ஆயுதம் இந்தச் சொல். இதைக் கைவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு வீட்டில் இந்தச் சொல்லை யார் அதிகமாகச் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். குழம்பு தீர்ந்துவிட்டது, எனக்கு ரசம் போதும். ஃபேன் அவர்கள் பக்கம் இருக்கட்டும், எனக்கு இந்தக் காற்று போதும். எல்லோருக்கும் பொதுவான ஒரு நற்பண்பு ஒரே ஆளின் வாயிலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தால் அதைப் பண்பு என்று சொல்வதா, ஏற்பாடு என்று சொல்வதா?

எப்போது ‘போதும்’ நல்லறம், எப்போது அது தனக்குத்தானே செய்துகொள்ளும் அநீதி? இதுதான் என் கேள்வி. இதைச் சைக்கிள் உடுப்பு மாதிரி ஒரு சில்லறை விஷயத்தை வைத்துக் கேட்கக் காரணம் இருக்கிறது. சொத்துரிமை, கல்வி, வேலை என்று பெரிய விஷயங்களில் நாம் எல்லோரும் இப்போது சரியான பதிலைச் சொல்லப் பழகிவிட்டோம். நம் பழக்கம் மாட்டிக்கொள்வது சில்லறையில்தான்.

1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விவசாயக் கூலிகள் என ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஊர் கீரனூர்ப் பக்கம். அம்மா கற்றுக்கொண்டது அப்பாவின் ஜென்ட்ஸ் சைக்கிளில். அப்போது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதைவிட முக்கியம், பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க்குடம் கட்டலாம்.

அம்மா புடவையில்தான் ஓட்டினார். கொசுவத்தைச் சற்றே தூக்கிச் செருகி, முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகி, ஊக்கு குத்தி, அதற்குமேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார். அப்படியும் எத்தனையோ நாள் புடவை செயினில் மாட்டியிருக்கிறது. அவருடைய புடவைகளின் கீழ்க்கரையில் கிரீஸ் கறை இருக்கும். மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கறையைப் பார்த்து ஊரில் சிலர் சிரித்தார்கள். அம்மா கவலைப்படவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தைக்குப் போய்த் திரும்ப முடிந்தது அவருக்குப் பெரிய விஷயம். சைக்கிள் வந்ததும் அவருக்குக் கிடைத்தது நேரம். உடுப்பைப் பற்றி யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. யாராவது கேட்டிருந்தால் “இது போதும்” என்றிருப்பார்.

லேடீஸ் சைக்கிள் என்று ஒன்று ஏன் இருக்கிறது என்று வகுப்பில் மாணவிகளிடம் கேட்பேன். முன்பாரைத் தாழ்த்தி வளைத்திருப்பார்கள், பின்சக்கரத்தின் மேல்பாதியைப் புடவை சிக்காமலிருக்க வலையால் மூடியிருப்பார்கள், செயினுக்கு முழுக்கவசம் இருக்கும். பெண்ணின் உடம்பில் எந்த உறுப்பு அந்த முன்பாரை வேண்டாம் என்றது? எதுவுமில்லை. வேண்டாம் என்றது அவள் உடுத்தியிருந்த துணி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1890களில் நீளப் பாவாடைக்காக இப்படித்தான் செய்தார்கள். உடையை மாற்றுவதைவிட இரும்பை வளைப்பது சமூகத்துக்கு எளிதாக இருந்திருக்கிறது.

உடையையே மாற்றிப்பார்த்த பெண்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். கணுக்காலில் சேர்த்துக் கட்டிய தொளதொளக் கால்சட்டையை 1851இல் தன் பத்திரிகையில் ஆதரித்து எழுதினார் அமெரிக்கரான அமீலியா புளூமர். கேலி செய்தவர்கள் அந்த உடைக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். லண்டனில் 1881இல் பகுத்தறிவு உடைச் சங்கம் தொடங்கியது. அதை நடத்தியவர்களில் ஒருவரான ஹார்பர்ட்டன் சீமாட்டி 1898இல் சைக்கிள் உடையோடு சர்ரே பகுதியில் ஒரு விடுதிக்குச் சாப்பிடப் போனார். உணவறையில் இடமில்லை, மதுக்கூடத்தை ஒட்டிய அறையில் உட்காரலாம் என்றார் விடுதிக்காரப் பெண்மணி. மறு ஆண்டு வழக்கு நடந்தது. சாப்பிட ஏதோ ஓர் அறை தரப்பட்டதால் தவறில்லை என்று தீர்ப்பாகி, ஹார்பர்ட்டன் தரப்பு தோற்றது. ஏதோ ஓர் அறை தந்தாயிற்று, அது போதாதா? ‘போதும்’ என்பதை அங்கே அவருக்காக இன்னொருவர் சொன்னார்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1897இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது எதிர்ப்பாளர்கள் ஒரு கொடும்பாவியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கால்சட்டை அணிந்து சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பொம்மை. படித்த பெண்ணைக் காட்ட அவர்களுக்குப் புத்தகம் தோன்றவில்லை, சைக்கிளும் கால்சட்டையும்தான் தோன்றின. அந்த வாக்கெடுப்பில் பெண்கள் தோற்றார்கள். அங்கே பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைத்தது 1948இல். முனைவர் பட்டம் வாங்கிய நாளில் நான் இதை அறிந்திருக்கவில்லை. இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

நான் சைக்கிளுக்குத் திரும்பியது நாற்பத்தொரு வயதில். 2020இல் ஊரடங்கு தளர்ந்த மாதங்களில், உடன் பணிபுரிந்த ஒருவர் விற்ற ரோடு பைக்கை வாங்கினேன். வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், கல்லைப்போன்ற சீட். முதலில் சுடிதாரில் ஓட்டினேன், துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு. பிறகு டிராக் பேன்ட். அதன் கால் செயினில் மாட்டி ஒருநாள் விழுந்தேன். பிறகுதான் சைக்கிளுக்கென்றே உள்ள உடுப்பைத் தேடிப் போனேன்.

கடையில் இருந்த தம்பி நல்ல பையன். ஆனால் பேட் வைத்த ஷார்ட்ஸ் என்று கேட்டதும் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டான். “லேடீஸ் பீஸ் வராது மேடம். ஜென்ட்ஸ் ஸ்மால் எடுத்துக்கங்க, அட்ஜஸ்ட் ஆயிரும்.” நானும் எடுத்துக்கொண்டேன். அட்ஜஸ்ட் என்பதைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த உடுப்பைப் பற்றி எனக்கு அப்போது தெரியாத சில விஷயங்களைச் சொல்கிறேன். படிப்பவர்களில் யாருக்காவது பயன்படும். அந்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. ஜட்டியின் தையல் தோலை அறுக்கும், ஈரம் தேங்கும், புண்ணாகும். பேட் நேரடியாகத் தோலில் படும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. முன்பு மலையாட்டுத் தோலில் செய்தார்கள், இப்போது ஸ்பாஞ்சு மாதிரியான செயற்கைப் பொருளில். பொதுவாகப் பெண்களின் உட்காரும் எலும்புகளுக்கு இடையே தூரம் அதிகம். அதனால் பெண்களுக்கான பேட்டின் வடிவமும் தடிமன் வரும் இடமும் வேறு. சீட்டின் அகலமும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் துவைக்க வேண்டும். கம்ஃபர்ட் வகையறா ஊற்றக் கூடாது. உள்பக்கம் வெளியே தெரிய, காற்றோட்டமாக, நிழலில் உலர்த்த வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூட ரகசியமில்லை. ஆனாலும் எட்டு மாதம் நான் உள்ளே ஜட்டியோடு ஓட்டிப் புண்களோடு திரிந்தேன். என்னோடு ஓட்டிய ஆண்களுக்கு இது தெரியும், ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்கள். எனக்கும் கேட்க வாய் வரவில்லை. இரண்டு தரப்பு நாகரிகத்துக்கும் விலை என் தோல். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மாணவி சொன்னதை நான் பெரிய மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன். என்னைவிட இருபது வயது சிறியவள் எனக்குச் சொன்னாள். எனக்குச் சொல்ல யாருமில்லாத எட்டு மாதத்தை அவள் இன்னொருத்திக்கு இல்லாமலாக்கிவிட்டாள்.

உள்பக்கம் வெளியே தெரிய உலர்த்துவதும் எனக்கு எளிதாக வரவில்லை. பாவாடைக்கு அடியில் உள்ளாடையை மறைத்துக் காயப்போட வேண்டும் என்று பத்து வயதில் கற்றுக்கொடுக்கப்பட்டவள் நான். மறைத்துக் காயவைத்த துணி சரியாகக் காயாது, பூஞ்சை பிடிக்கும் என்பது யாருக்கும் பொருட்டில்லை. மொட்டைமாடியில் அந்த ஷார்ட்ஸை உள்வெளியாக விரித்துப்போட்ட முதல்நாள், பக்கத்து மாடியில் யாருமில்லையா என்று பார்த்துக்கொண்டேன். இப்போது பார்ப்பதில்லை.

வலியைப் பற்றியும் பேச வேண்டும். பிரிட்டனின் பாராலிம்பிக் சைக்கிள் வீராங்கனை ஹன்னா டைன்ஸ் 2019இல் வெளிப்படையாக எழுதினார். பல ஆண்டுகள் சீட்டின் அழுத்தத்தால் பிறப்புறுப்பில் வீக்கம் வந்து, கடைசியில் அறுவைச்சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததைப் பற்றி. தேசிய அளவில் பயிற்சி பெறும், மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சூழ்ந்திருக்கும் ஒரு வீராங்கனையின் நிலை இது. ஆண்களின் சாலைப் பந்தயம் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு அது வந்தது 1984 லாஸ் ஏஞ்சலஸில். எண்பத்தெட்டு ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் சீட்டுகளும் பேடுகளும் யாருடைய உடம்பில் சோதிக்கப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் கருப்பை இறக்கம் என்று தெரியவந்தது. எங்களுக்குத் தெரியவந்தது என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஆறு வருடமாகத் தெரியும். பழைய வேட்டித்துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு சமைத்தார், தண்ணீர் தூக்கினார், என் மகனுக்கு மொட்டையடிக்க வந்து நாள் முழுக்க நின்றார். ஒருநாள் காய்ச்சலும் இரத்தப்போக்குமாக விழுந்தபோதுதான் டாக்டரிடம் போனோம். “ஏம்மா இத்தனை நாள் சொல்லல?” என்று அழுதேன். “இதையெல்லாம் போயிச் சொல்லிக்கிட்டா இருப்பாக? துணி வச்சுக் கட்டிக்கிட்டாச் சரியாப் போகுது, அது போதும்னு இருந்துட்டேன்” என்றார்.

என் நைந்த ஷார்ட்ஸையும் அம்மாவின் ஆறு வருடத்தையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் இரண்டையும் பேசிய குரல் ஒன்றே. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பேசாமலிருந்த என் மூன்று மாதத்தில் அந்த ஆறு வருடத்தின் சாயல் இருந்தது. படித்தேன், சம்பாதிக்கிறேன், பெண்ணியம் பாடம் நடத்துகிறேன். இருந்தும் உடம்பு ஒன்றைச் சொல்லும்போது அதை உடனே நம்பாமல், இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது. 

சங்க இலக்கியத்தில் தழையாடை வரும். பூவும் தழையும் சேர்த்துத் தொடுத்து மகளிர் உடுப்பது. தலைவன் அதைக் கையுறையாகக் கொண்டுவருவான். ஏற்றால் அவனையே ஏற்றதாகப் பொருள். தோழி சில நேரம் மறுத்துவிடுவாள், கையுறை மறுத்தல் என்றே ஒரு துறை உண்டு. இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். சைக்கிள் கடையில் நின்ற பிறகுதான் ஒன்று உறைத்தது. ஏற்கலாம், மறுக்கலாம் என்ற இரண்டு வழிதான் அங்கே இருக்கிறது. எனக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மூன்றாவது வழி இல்லை. என் வாழ்விலும் ஏறக்குறைய அப்படித்தான். அப்பா எடுத்த பாவாடை, மாமா சீராக வைத்த புடவை, தீபாவளிக்கு மாமியார் எடுத்தது, கல்லூரி வகுத்த உடை விதி. நான் காசு கொடுத்து நானே எடுத்த புடவையிலும் ஒரு கண்ணாடி இருந்தது, அதற்குள் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். என் உடம்பை மட்டும் கேட்டு நான் தேர்ந்தெடுத்த முதல் உடுப்பு அந்த ஷார்ட்ஸ்தான்.

ஜெர்சியின் முதுகுப்பக்கம் மூன்று பை இருக்கும். ஒன்றில் போன், ஒன்றில் மாற்று டியூப், ஒன்றில் கடலைமிட்டாயோ வாழைப்பழமோ. நாற்பத்தொரு வயதில் எனக்குக் கிடைத்த முதல் சட்டைப்பை அது. அம்மாவுக்கு இடுப்பில் சுருக்குப்பை, எனக்கு ரவிக்கைக்குள் சொருகிய பர்ஸ், என் மாணவிகளுக்கு லெக்கின்ஸில் பையே இல்லை. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளுங்கள், வேலை செய்ய வசதியாக எளிதாக உடுத்துங்கள் என்று பெரியார் பெண்களிடம் சொன்னபோது அது வெறும் அதிர்ச்சிப் பேச்சாகத் தோன்றியவர்களுக்கு, ஒரு சட்டைப்பையோடு வெளியே போய்த் திரும்பிப் பார்க்கச் சொல்வேன். இரண்டு கையும் வீசி நடக்க முடிவது சாதாரண விஷயமில்லை.

இனி, பார்வை. லைக்ரா உடுப்பு உடம்போடு ஒட்டியிருக்கும். காற்றில் படபடக்காமலிருக்கவும் தோலில் உராயாமலிருக்கவும் அப்படி. தெருமுனை டீக்கடையைக் கடக்கும் வரை மேலே ஒரு தொளதொளச் சட்டை போட்டுப் போய், ஊர் தாண்டியதும் கழற்றிப் பைக்குள் வைத்த காலம் எனக்கும் உண்டு. 2014இல் கொலம்பியாவின் பெண்கள் அணி ஒன்றின் புகைப்படம் உலகமெங்கும் பரவியது. அவர்களுடைய சீருடையின் நடுப்பகுதி தோல் நிறம்போல் தெரிந்ததால் நிர்வாணம்போல் தோன்றியது. உலகச் சைக்கிள் சம்மேளனத்தின் தலைவர் அது கண்ணியமற்றது என்று கண்டித்தார். அதை வடிவமைத்தது தங்களில் ஒருவர்தான், பல மாதமாக அணிகிறோம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார்கள் அந்தப் பெண்கள். அவர்கள் எந்தப் பந்தயத்துக்குப் போயிருந்தார்கள், எப்படி ஓட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காகச் சைக்கிள் ஓட்டிய மசோமா அலிசாதா, ஆப்கானிஸ்தானின் தெருக்களில் கல்லடி பட்டவர். அவர் ஹெல்மெட்டுக்கு அடியில் தலைத்துணி கட்டிக்கொண்டு ஓட்டினார். அதைப் பார்த்து, சைக்கிள் ஓட்டும் அளவுக்கு விடுதலை பெற்றவர் துணியை ஏன் விடவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. கூடுதலாக மூடினாலும் குறைவாக மூடினாலும் தீர்ப்புச் சொல்ல ஆள் தயாராக இருக்கிறது. எவ்வளவு துணி என்பதில் விடுதலை இல்லை. யார் முடிவெடுத்தது, அந்த உடையில் அவளால் மூச்சுவாங்க ஓட முடிகிறதா என்ற இரண்டு கேள்விதான் எனக்கு முக்கியம்.

சாலையில் இன்னொரு பாடமும் உண்டு. சைக்கிள் ஓட்டுபவர் கண்ணில் பட்டாக வேண்டும். பளீர் மஞ்சள் ஜெர்சி, பின்னால் சிவப்பு விளக்கு. இருட்டில் முதுகில் ஒட்டிய ஒளிர்பட்டையைவிடக் கணுக்காலில் கட்டிய பட்டை நன்றாக வேலை செய்யும். கால் ஏறி இறங்குவதைப் பார்த்ததும், வருவது ஒரு மனுஷி என்று லாரி ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும். கண்ணில் படாதே, தலை குனிந்து போ, அடர்நிறம் கட்டு என்று வளர்க்கப்பட்டவளுக்கு இது தலைகீழ்ப் பாடம். உற்றுப் பார்க்கப்படுவதும் கண்ணுக்குத் தெரிவதும் வேறு வேறு என்று எனக்கு உணர்த்தியது அந்தக் கணுக்கால் பட்டை.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது நேர்மையில்லை. சைக்கிள் உலகத்தில் ஆசைக்கு அளவே கிடையாது. பருவத்துக்கொரு நிறத்தில் ஜெர்சி, அதற்குத் தோதாகக் காலுறை. இருநூறு கிராம் எடை குறைய இருபதாயிரம் செலவழிப்பவர்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருவைச் சுத்தம் செய்ய வரும் அக்காவும் சைக்கிளில்தான் வருகிறார். புடவைக்கு மேல் ஆண் சட்டை, ரப்பர் செருப்பு. என் ஷார்ட்ஸின் விலை 2,400 ரூபாய் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழாது. வயலிலும் தெருவிலும் சாலைப்பணியிலும் நம் பெண்கள் புடவைக்கு மேல் போடும் அந்த ஆண் சட்டை எந்த வடிவமைப்பாளரும் தராத பணி உடை. அவர்களே கண்டுபிடித்தது. ஆனால் அவர் சொல்லும் ‘போதும்’ அவர் தேர்ந்தெடுத்தது இல்லை. வேறு கிடைக்காதபோது சொல்வது. வசதியுள்ளவள் அதே சொல்லைச் சொல்லி அவரோடு சமமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டால் அது போலி. நான் புண்ணோடு ஓட்டுவதால் அவருக்கு ஒரு கையுறைகூடக் கிடைக்கப்போவதில்லை. அவருக்குக் கையுறையும் ஷூவும் தரவேண்டியவர்களிடம் கேட்பது வேறு வேலை, அதையும் செய்ய வேண்டும்.

துணி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் உண்டு. திருச்சியிலிருந்து மேற்கே போனால் கரூர், ஈரோடு, திருப்பூர். பஞ்சாலைகளும் பின்னலாடையும். மூன்று வருட முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, இளம்பெண்களை ஆலை விடுதிகளுக்குள் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் இந்த வட்டாரத்தில்தான் நடந்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்து ஜெர்சி வாங்கும்போது, விலையின் மீதியை அப்படி ஒரு பெண் கட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே ‘போதும்’ எனக்கு இன்னும் தேவைப்படுகிறது. சந்தையிடம் உரக்கச் சொல்ல வேண்டிய சொல் அது. என் தவறு, அதைக் கடைக்காரரிடம் சொல்லாமல் என் உடம்பிடம் சொன்னது.

ஆளைப் பிரித்தறிய ஒரு வழி வைத்துக்கொண்டிருக்கிறேன். உடம்பு கேட்டால் மாற்று, கண் மட்டும் கேட்டால் பொறு. ஜெர்சியின் நிறம் வெளுத்தால் பரவாயில்லை, நான்கு வருடமாக ஒன்றே ஓடுகிறது. ஜிப் போனால் தையல்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம். கையுறையின் உள்ளங்கை தேய்ந்து கை மரத்துப்போனால் மாற்ற வேண்டும். பேட் தட்டையாகி, எலாஸ்டிக் தளர்ந்து, துணி தொடையில் சுருண்டு உராயத் தொடங்கினால் மாற்ற வேண்டும். ஹெல்மெட் விஷயத்தில் பேச்சே இல்லை. உள்ளே இருப்பது தெர்மோகோல் இனம். ஒருமுறை அடி வாங்கி நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அடுத்த அடியைத் தாங்காது. டிராக் பேன்ட் மாட்டி விழுந்த நாளுக்குப் பிறகும் அதே ஹெல்மெட்டை ஆறு மாதம் போட்டுக்கொண்டிருந்தேன். “பார்க்க நல்லாத்தானே இருக்கு” என்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அம்மாவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

புது ஷார்ட்ஸ் வாங்கினேன். பெண்களுக்கானது. இந்த முறை கடையில் இருந்தது, இல்லாவிட்டால் வரவழைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருப்பேன். பழையதை வெட்டி, செயின் துடைக்க வைத்துக்கொண்டேன். லைக்ரா துணியில் கிரீஸ் நன்றாக வரும்.

போன மாதம் கீரனூர் வரை ஓட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். இதுவரை அந்த ஊருக்குள் இந்த உடுப்பில் போனதில்லை. திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஒரு சித்தப்பா தொண்டையைச் செருமினார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஜவுளிக்கடையில் துணி பார்ப்பதுபோல என் ஷார்ட்ஸின் ஓரத்தைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். உள்ளே கழற்றி வைத்தபோது பேடை அமுக்கிப் பார்த்தார்.

“இம்புட்டு மெத்தையா வச்சிருக்கான்? எங்களுக்கெல்லாம் இது இல்லாமப் போச்சே ஆத்தா.”

“ஆமாம்மா.”

“எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்தணும்?”

“நாள் கணக்கு இல்லம்மா. வலிக்க ஆரம்பிச்சா மாத்திரணும்.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து, என் எதிரில் சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

“ஒரு வாரமா இந்த வலது முட்டி வலிக்குதுத்தா,” என்றார். “நாளைக்கு டாக்டருட்டப் போவோமா?”